ஆர்வல் டீட்ஸின் கனத்த கால்

ஆர்வல் டீட்ஸைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள், எங்கள் கார் சங்கத்துப் பத்திரிகைக்கு. பத்திரிகை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மாசத்துக்கு ஒரு தாள், இரண்டு பக்கமும் அச்சு. முப்பத்தோரு பேருக்குப் போகிறது, அதில் பத்துப் பேர் படிக்கிறார்கள், மீதிப் பேர் படித்ததாகச் சொல்கிறார்கள். மாசம் ஒரு உறுப்பினரைப் பற்றி எழுதுவது வழக்கம். ஆர்வலைப் பற்றி எழுதக் கொஞ்சம்கூட அருகதை இல்லாத ஆள் இந்த மாவட்டத்தில் யாரென்று தேடிக்கொண்டு போனால் நேரே என் வீட்டு வாசலில் வந்து நிற்பீர்கள். அதனால்தானோ என்னவோ என்னிடமே கொடுத்துவிட்டார்கள். ஏன் அருகதை இல்லை என்று சொல்ல ஆரம்பித்தால் ஒரு பக்கத்தில் அடங்காது. அடங்காவிட்டால் போகட்டும்.

என் பெயர் வெர்லின் க்ரூசே. ஊர்ச் சாமான் கடையில் பெயின்ட் கலக்குகிறவன். ஒரு கேலன் வெள்ளையில் எத்தனை சொட்டு மஞ்சள் விட்டால் முட்டை ஓட்டு நிறம் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். முப்பது வருஷம் சொட்டு எண்ணியே பிழைத்தவனுக்கு எதைப் பார்த்தாலும் சொட்டு எண்ணத் தோன்றும். அந்த வியாதி எனக்குக் காரிலும் ஏறிக்கொண்டது. என்னிடம் இருப்பது அறுபத்தொன்பதாம் வருஷத்துப் பச்சை நிறச் செவர்லே. அதன் எஞ்சினைக் கழற்றி ஒரு வீட்டில் கட்டினால் வீட்டையே இழுத்துக்கொண்டு போய்விடும். அப்படி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு மைலேஜ் பார்க்கிறவன், யானையைக் கட்டித் தீனி போட ஒப்புக்கொண்டுவிட்டுக் கவளத்தை எண்ணுகிறவன். என் மனைவி ஆர்லிஸ் இதை இன்னும் சுருக்கமாகச் சொல்லுவாள், அச்சில் போட முடியாது.

இந்த வகைக் கார்களில் எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டுகிற கார்புரேட்டருக்கு நாலு வாய். மெல்ல மிதித்தால் முன் வாய் இரண்டு மட்டும் குடிக்கும். அழுத்தி மிதித்தால் பின் வாய் இரண்டும் திறந்து ஒரு ஊளை விடும், அது காதில் கேட்காது, அடிவயிற்றில் கேட்கும். அந்த ஊளைக்காகத்தான் உலகத்தில் எல்லாரும் இந்தக் காரை வாங்குகிறார்கள். நான் ஒருத்தன்தான் அதைக் கேட்காமல் இருப்பதற்காகவே வாங்கினவன். பின் வாய் திறந்தால் கேலனுக்கு ஒன்பது மைல். திறக்காமல், சிவப்பு விளக்கைத் தூரத்திலேயே பார்த்துக் காலை எடுத்து, மேட்டில் வேகத்தை விட்டுக்கொடுத்து இறக்கத்தில் திரும்ப வாங்கி, ஐம்பத்தைந்தைத் தாண்டாமல் ஓட்டினால் பதினைந்து. இதைக் ‘கால் பாடம்’ என்ற தலைப்பில் ஏழு வருஷம் இதே பத்திரிகையில் எழுதித் தள்ளினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை.

எழுதினதோடு விட்டேனா? ஒரு போட்டியும் ஏற்பாடு பண்ணினேன். சங்கத்தில் பெரிய எஞ்சின் கார் வைத்திருக்கிற ஐந்து பேரும் மே மாசக் கடைசியிலிருந்து செப்டம்பர் முதல் திங்கள் வரைக்கும் ஆளுக்கொரு சின்ன நோட்டில் எத்தனை மைல் ஓடியது, எத்தனை கேலன் ஊற்றியது என்று குறித்துக்கொண்டே வர வேண்டும். அந்தத் திங்கட்கிழமை பூங்காவில் சோளமும் பன்றி இறைச்சி ரொட்டியும் தின்று முடித்தபின் ஒவ்வொருத்தராக எழுந்து தன் எண்ணைப் படிப்போம். யாரும் சரிபார்க்க மாட்டோம். எங்கள் பக்கம் ஒருத்தன் சொன்ன எண்ணைச் சந்தேகப்படுவதும் அவன் அம்மாவைச் சந்தேகப்படுவதும் ஒன்று. முதல் ஆளுக்குத் தங்க நிறம் அடித்த ஒரு பழைய ஷூ. பெயின்ட் என் உபயம். கடைசி ஆளுக்கு ரோஸ் நிறத்தில் ஒரு பெட்ரோல் கேன். அதை அடுத்த செப்டம்பர் வரைக்கும் பின் பம்பரில் தொங்கவிட்டுக்கொண்டே ஓட்ட வேண்டும்.

ஷூவை நான் நாலு தடவை வாங்கினேன். சங்கத் தலைவர் டெல்மர் மூன்று தடவை. கேனை ஏழு தடவையும் வாங்கினவன் ஆர்வல்.

ஆர்வல் மாவட்டச் சாலைத்துறையில் சரளைச் சாலைகளைச் சமன் பண்ணுகிற இயந்திரம் ஓட்டுகிறான். வயசு ஐம்பத்தெட்டு. பேச்சு குறைவு. ஒரு கேள்வி கேட்டால் பதில் வர நேரமாகும், ஆனால் வந்தால் அது சரியான பதிலாக இருக்கும். அவன் இயந்திரம் போய்விட்டு வந்த சாலையில் மடியில் காபிக் கோப்பையை வைத்துக்கொண்டு ஓட்டலாம், ஒரு சொட்டு சிந்தாது. பதினெட்டு டன் இரும்பை விரல்கடை அளவுக்கு இறக்கவும் ஏற்றவும் தெரிந்த மனுஷன். அவனைப் பார்த்து உனக்குக் கால் கனம் என்று சொன்னது யார்? பெயின்ட் கலக்குகிற நான். அதைவிடக் கொடுமை, அவன் அதை நம்பினான்.

அவனுடையது எழுபதாம் வருஷத்து டாட்ஜ், கத்தரிக்காய் நிறம். அவனும் ஐலீனும் கல்யாணமான வருஷம் வாங்கினது. வாங்கின நாளிலிருந்து வேகத்துக்காக அதில் ஒரு ஆணியைக்கூட அவன் மாற்றவில்லை. நாங்கள் மற்ற நாலு பேரும் அப்படியில்லை. ஏதாவது ஒன்றைக் கழற்றிப் போட்டு வேறொன்றை மாட்டாவிட்டால் எங்களுக்குக் குளிர்காலம் போகாது.

முதல் வருஷம் அவன் கேன் வாங்கினதும் எனக்கு இரக்கம் பொத்துக்கொண்டு வந்தது. வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் நானே அவன் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் நடத்துவது என்று முடிவு பண்ணினேன். அவன் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் அவனுக்குத் தெரியவில்லை.

"ஷூவைக் கழட்டு" என்பேன்.

கழற்றுவான். காலுறையோடு ஓட்டினால் பாதத்துக்கு உணர்ச்சி அதிகம் என்பது என் கண்டுபிடிப்பு. அடுத்து ஆக்சிலேட்டருக்கும் அவன் பாதத்துக்கும் நடுவில் ஒரு பச்சை முட்டையை வைப்பேன். உடையாமல் பன்னிரண்டு மைல் போய் வர வேண்டும். அவன் ஒரு முட்டைகூட உடைத்ததில்லை. எப்படிச் செய்வது என்று காட்டுகிறேன் பேர்வழி என்று நான் உடைத்ததுதான் எல்லாம். ஐலீன் சுடுதண்ணீரும் துணியும் கொண்டுவந்து துடைப்பாள்.

"உன் ஸ்பீடு நாப்பத்தஞ்சாயா? நான் ஐம்பத்தஞ்சுல போகச் சொன்னேனே" என்று ஒரு நாள் கேட்டேன். அன்றைக்கு அவன் என் காருக்குப் பின்னால் அதே தூரத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"உன் பின்னாலதான் வந்தேன் வெர்லின். உன் வேகம்தான் என் வேகம். என் முள்ளு நாப்பத்தஞ்சு காட்டுது."

"என் முள்ளு ஐம்பத்தஞ்சு காட்டுது. டெல்மர் காரும் ஐம்பத்தஞ்சு. மத்த ரெண்டு காரும் அப்படித்தான். நாலு கார் ஒண்ணு சொல்லுது, உன் ஒரு கார் வேற சொல்லுது. கோளாறு யார்கிட்டன்னு நீயே சொல்லு."

அவன் யோசித்தான். "என்கிட்டதான் இருக்கணும்" என்றான்.

ஸ்பீடோமீட்டரின் கேபிளை மாற்றினான். முள் நாற்பத்தைந்தே காட்டியது. அடுத்த வருஷம் மீட்டரையே கழற்றிப் பழுது பார்க்க வெளியூருக்கு அனுப்பினான். நன்றாக இருக்கிறது என்று சீட்டு எழுதித் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சீட்டை என்னிடம் நீட்டியபோது அவன் முகம் பரீட்சையில் தோற்றவன் முகமாக இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பழுது பாக்கறவனும் மனுஷன்தானே, தப்பு வரும்" என்றேன்.

ஆரம்பத்தில் அந்தக் காரில் முன்னிருக்கை ஐலீனுடையது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் அதில்தான் எங்கேயாவது போவார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் நிறுத்திவிட்டாள். அந்த இருக்கையில் முதுகு வலிக்கிறதாம். ஆர்வல் இதை என்னிடம் சொன்னபோது, "நல்லதுதான்யா, நூத்தி நாப்பது பவுண்டு குறையும், மைலேஜ் ஏறும்" என்றேன். வாயால் சொன்னேன். இந்தக் கையால்தான் இப்போது எழுதவும் எழுதுகிறேன், கை கூசுகிறது.

போன ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை ஐலீன் என் கடைக்கு வந்தாள். நான் ஒரு டப்பாவில் குச்சி விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"வெர்லின், அந்தக் குச்சியைக் கொஞ்சம் கீழ வைங்க."

வைத்தேன்.

"அவர் காரை விக்கறார். சனிக்கிழமை பத்து மணிக்கு ஒமாஹாவிலேர்ந்து ஒருத்தர் வந்து பாக்கறார். பிடிச்சிருந்தா அன்னிக்கே எடுத்துட்டுப் போயிடுவார்."

"ஆர்வலா? எதுக்கு?"

"எதுக்குன்னு நீங்க கேக்கறீங்க." அவள் கைப்பையை மேசைமேல் வைத்தாள். "ஏழு வருஷமா அந்த ரோஸ் டப்பாவைத் தொங்கவிட்டுக்கிட்டு ஊர் சுத்தறார். ஒவ்வொரு ஏப்ரல்லயும் துரு ஏறிடுச்சுன்னு அவரே அதுக்குப் பெயின்ட் அடிக்கறார், உங்க கடைலதான் வாங்கறார். அதெல்லாம்கூடத் தாங்கிக்கிட்டார். இப்ப என்ன சொல்றார் தெரியுமா? ‘ஏழு வருஷம் ஒருத்தன் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தும் எனக்கு வரல. இந்தக் காரை ஓட்டற லட்சணம் எனக்கு இல்ல, தெரிஞ்சவன் கைக்குப் போகட்டும்’ங்கறார். சாப்பாடு இறங்க மாட்டேங்குது அவருக்கு."

"உங்களுக்குத்தான் அந்தக் கார் முதுகுக்கு ஒத்துக்கலையே" என்று இழுத்தேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு டப்பா பெயின்ட் உறைந்து போயிருக்கும். "எனக்கு அந்தக் கார் வேணும். நான் ஏறினாலும் ஏறாட்டியும் அது எங்க வீட்டுல நிக்கணும். எங்க பொண்ணு பொறந்தப்ப ஆஸ்பத்திரியிலேர்ந்து அதுலதான் கொண்டுவந்தோம். நீங்க போய் ஒரு வார்த்தை சொல்லுங்க, நீ நல்லாத்தான் ஓட்டறேன்னு. நான் சொன்னா கேக்க மாட்டார், நீங்க சொன்னா கேப்பார். பொய்யாவாவது சொல்லுங்க."

இங்கேதான் என் நேர்மை தலைதூக்கியது. "ஐலீன், எண்ணு எண்ணுதான். மைலேஜ் விஷயத்துல நான் பொய் சொன்னதில்ல, சொல்லவும் மாட்டேன்" என்றேன். கையில் ஒரு கொடி இருந்திருந்தால் ஆட்டியிருப்பேன். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துச் சாலையில் ஒரு புதுப் பலகை நின்றது. வருகிற வண்டியின் வேகத்தைத் தானே அளந்து பெரிய விளக்கு எழுத்தில் காட்டுகிற பலகை. அங்கே இருபத்தைந்துதான் உச்ச வேகம். நான் சட்டத்துக்கு ஒரு சொட்டுக்கூட மிஞ்சாதவன், முள்ளைச் சரியாக இருபத்தைந்தில் நிறுத்திக்கொண்டு பாராட்டை எதிர்பார்த்துப் போனேன். பலகை இருபத்தொன்று காட்டியது. திரும்பி வந்தேன், மறுபடியும் இருபத்தொன்று. முப்பதில் போய்ப் பார்த்தேன், இருபத்தைந்து காட்டியது. மக்கள் வரிப்பணத்தில் ஓட்டைப் பலகை வாங்கி வைத்திருக்கிறார்களே என்று வீட்டுக்குப் போய்க் கத்தினேன்.

ஆர்லிஸ் தன் சின்னக் காரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "என் கார் இருபத்தஞ்சுன்னுது, பலகையும் இருபத்தஞ்சுன்னுது. கோளாறு பலகைல இல்ல மனுஷா."

"பின்ன எதுல?"

"உனக்குத் தெரியாததா, நீதான் பாடம் எழுதறவன்."

நெடுஞ்சாலைக்குப் போனோம். அவள் முன்னால், நான் பின்னால், போனில் பேசிக்கொண்டே. என் முள் ஐம்பத்தைந்து. அவள் சொன்னாள்: "நாப்பத்தஞ்சு."

காரை ஓரம் கட்டினேன். அப்போதுதான் அந்தக் குளிர்காலம் ஞாபகம் வந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், டெல்மரின் கொட்டகையில், நாங்கள் நாலு பேரும் சேர்ந்து நாலு காருக்கும் ஒரே மாதிரி பின் அச்சுக் கிரவுன் பல்சக்கரத்தை மாற்றினோம். எடுத்த எடுப்பில் கார் பாய வேண்டும் என்று பல் கணக்கைக் கூட்டிப் போட்டோம். அப்படிப் போட்டால் அதே தூரத்துக்கு எஞ்சின் பக்கத்துத் தண்டு அதிகம் சுற்றும். வேகம், தூரம் இரண்டையும் மீட்டர் அந்தத் தண்டைப் பார்த்துத்தான் எண்ணுகிறது. அதனால் மீட்டரை ஓட்டுகிற கட்டைவிரல் அளவுப் பிளாஸ்டிக் சக்கரத்தையும் கூடவே மாற்றியாக வேண்டும். நாலு பேரில் ஒருத்தனும் மாற்றவில்லை. ஒவ்வொருத்தனும் அதை மற்றவன் வாங்கி வருவான் என்று நினைத்திருக்கிறான்.

பெயின்ட் மாதிரி அட்டையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். நான் ஓடியதாகச் சொன்ன ஒவ்வொரு நூறு மைலும் உண்மையில் எண்பத்திரண்டு மைல். என் பதினைந்து சொச்சம் உண்மையில் பன்னிரண்டரை. டெல்மர் பன்னிரண்டு. மற்ற இரண்டு பேரும் அதற்கும் கீழே. ஆர்வல் பதிமூன்றரை. அவன் மீட்டர் மட்டும்தான் நிஜத்தைச் சொன்னது, அதனால் அவன் மட்டும்தான் கடைசி.

பதினோரு வருஷத்தில் இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்பீர்கள். எல்லாம் தெரிந்தது, எனக்கு உறைக்கத்தான் இல்லை. லாரிகள் எல்லாம் என்னைத் தாண்டிப் போனபோது, நாட்டில் எல்லாருக்கும் வெறி பிடித்துவிட்டது என்றேன். ஆர்லிஸின் தங்கை வீடு அறுபது மைல் என்று பலகை சொல்லும், என் மீட்டர் எழுபத்துமூன்று சொல்லும். சாலைத்துறைக்கு அளக்கத் தெரியவில்லை என்று ஆர்வலிடமே சண்டை போட்டேன். "மன்னிச்சுக்கோ வெர்லின், மேலதிகாரிகிட்டச் சொல்றேன்" என்றான் அந்தப் புண்ணியவான். சொல்லியும் இருக்கிறான்.

அன்று வியாழக்கிழமை. பாடத்துக்குப் போகவில்லை, ஜலதோஷம் என்று சொல்லி அனுப்பினேன். டெல்மர் வீட்டுக்குத்தான் போனேன்.

டெல்மர் அட்டையை இரண்டு தடவை படித்தார். "இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் ஆர்லிஸுக்கும்."

"அப்ப இதோட நிக்கட்டும். ஆர்வல் சனிக்கிழமை காரைக் குடுத்துடறான். அப்புறம் நாலு காருக்கும் சத்தமில்லாம அந்தப் பிளாஸ்டிக்கை மாத்திடுவோம். எண்ணு இறங்கினா இந்த வருஷம் பெட்ரோல் மட்டம்னு சொல்லிக்கலாம்."

"அவன் காரை விக்கறதே இதனாலதானே டெல்மர்."

"வித்தா என்ன, அவனுக்கும் காசு வருதில்ல. நீ மட்டும் யோசிச்சுப் பாருய்யா. ஏழு வருஷம் பாடம் எழுதியிருக்கே. ஊர்ல தலை காட்ட முடியுமா?"

நான் அவரைத் திட்டிவிட்டு எழுந்து வந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி நடக்கவில்லை. அவர் சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்தது. வெள்ளிக்கிழமை முழுக்க அந்த நிம்மதியோடு பெயின்ட் கலந்தேன். மூன்று டப்பா தப்பு நிறமாகப் போயிற்று.

சனிக்கிழமை காலையில் ஆர்லிஸ் என் முன்னால் காபியை வைத்தாள். "மணி ஒன்பதே கால். ஐலீனை நாளைக்குச் சர்ச்சுல பாக்கணும், நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பாக்கறது? உன் மூஞ்சியைக் கடன் வாங்கிட்டுப் போகட்டுமா? அதுக்குத்தான் வெக்கமே கிடையாதே."

கிளம்பினேன். ஆர்வல் வீடு இருபது மைல், அவசரம், அப்போதும் பழக்க தோஷத்தில் முள்ளை ஐம்பத்தைந்தில் நிறுத்தி ஊர்ந்துகொண்டிருந்தேன். வைக்கோல் ஏற்றின ஒரு கிழட்டு லாரி பின்னால் வந்து விளக்கைப் போட்டு வழி கேட்டபோதுதான் புத்தி வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஒமாஹாக்காரர் வெள்ளைத் தொப்பியோடு டாட்ஜைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஆர்வல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பம்பரில் இருந்த கேனை அவிழ்த்துப் புல்லில் வைத்திருந்தான். ஐலீன் வாசற்படியில் நின்றாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஜலதோஷம் எப்படி இருக்கு?" என்றான் ஆர்வல்.

"ஜலதோஷம் இல்ல. பொய். ஆர்வல், காரைக் குடுக்காதே. உன் மீட்டர் சரி. எங்க நாலு பேரோடதும் தப்பு." அட்டையை நீட்டினேன். கிரவுன் மாற்றிய கதை, பலகை, நெடுஞ்சாலை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

ஒமாஹாக்காரர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "கிரவுனை மாத்திட்டு மீட்டர் சக்கரத்தை மாத்தலையா? அது முதல்ல செய்யற வேலையாச்சே. பதினோரு வருஷமாவா?"

"ஆமாம்" என்றேன். முன்பின் தெரியாத ஆளிடம் அசடு வழிவதில் ஒரு சௌகரியம், அவர் ஒமாஹாவுக்குத் திரும்பிப் போய்விடுவார்.

ஆர்வல் அட்டையைப் படித்துக்கொண்டே இருந்தான். அவனுக்குப் பதில் வர நேரமாகும் என்று எனக்குத் தெரியும், ஆனால் அவ்வளவு நேரம் அதற்குமுன் ஒருபோதும் ஆனதில்லை.

"அப்ப என் பதிமூணரை?"

"அதுதான் நிஜம். ஏழு வருஷமும் நீதான் முதல். உன் கிட்டக்கூட யாரும் வரல."

"என் கால்?"

"உன் கால்ல ஒரு குறையும் இல்ல. இருந்ததே இல்ல. என் தலைலதான் இருந்தது."

அவன் அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். ஒமாஹாக்காரரிடம், "பத்து நிமிஷம் பொறுத்துக்கங்க. ஐலீன், அவருக்குக் காபி குடு" என்றான். என்னிடம், "ஏறு" என்றான்.

ஏறினேன். ஷூவைக் கழற்றாமல் ஓட்டினான், ஆனாலும் எப்போதும் போல மெதுவாகத்தான். இரண்டு பக்கமும் சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. நான் தங்க ஷூவை அவனிடமே கொடுத்துவிடுவதாகவும், பத்திரிகையில் எழுதிவிடுவதாகவும், கேனை நானே மாட்டிக்கொள்வதாகவும் உளறிக்கொண்டே வந்தேன்.

"ஷூ கிடக்கட்டும்" என்றான். "நாலு வருஷத்துக்கு முன்னால, இதே ரோடு. அவ அக்கா வீட்டுலேர்ந்து வந்துக்கிட்டிருந்தோம். ரோடு காலியா இருந்தது. ஐலீன் என்னைக் கேட்டா, ‘ஒரே ஒரு தடவை அழுத்தி மிதிங்க, அந்தச் சத்தம் கேட்டு வருஷக் கணக்காச்சு’ன்னா."

"மிதிச்சியா?" என்றேன்.

"நான் மாட்டேன்னுட்டேன். ‘அரை மைல் மைலேஜ் போயிடும், வியாழக்கிழமை வெர்லின் நோட்டைப் பாத்தா கேப்பான்’னேன். அவ சரின்னா. வீடு வர்ற வரைக்கும் ஜன்னலைப் பாத்துக்கிட்டு வந்தா. அடுத்த வாரத்துலேர்ந்து முதுகு வலி." சாலையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தான். "ஏழு வருஷமும் நான் கடைசியாவே இருந்திருக்கலாம் வெர்லின். அதுல எனக்கு ஒண்ணும் போகல. உன் பேச்சைக் கேட்டு அவளுக்கு அதை இல்லேன்னேன் பாரு, அதுதான்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அந்த நாலு வருஷமும் அவள் விட்டுக்கொடுத்த அதே இருக்கையில் வாராவாரம் வந்து உட்கார்ந்து, காலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவன் நான். இப்போதும் அதில்தான் உட்கார்ந்திருந்தேன்.

வண்டியைத் திருப்பினான். வாசலில் ஐலீன் காபிக் கோப்பையோடு நின்றாள். என் பக்கத்துக் கதவை அவன் கையை நீட்டித் திறந்துவிட்டான். "இறங்கிக்கோ."

இறங்கினேன். "ஐலீன், வா" என்றான்.

"எங்கே?"

"அக்கா வீட்டு ரோட்டுக்கு."

அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கோப்பையை ஒமாஹாக்காரர் கையில் திணித்துவிட்டு, ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஏறி உட்கார்ந்தாள். ஆர்வல் சரளையைத் தாண்டித் தார்ச்சாலைக்கு ஏறுகிற வரைக்கும் தன் வழக்கப்படி மெல்லப் போனான். அதற்கப்புறம் மிதித்தான். பின் வாய் இரண்டும் திறந்தன. அந்த ஊளை சோளக்காட்டைத் தாண்டி இரண்டு மைல் தூரத்துக்குக் குறையாமல் கேட்டது, நடுவில் ஒரு இடத்திலும் அவன் காலை எடுக்கவில்லை.

"விக்க மாட்டார் போலிருக்கே" என்றார் ஒமாஹாக்காரர். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, இரண்டு காபியையும் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

நான் போகவில்லை. ஐலீனிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு பாக்கியிருந்தது. அவர்கள் திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஜன்னல் எல்லாம் இறக்கியிருந்தது. ஐலீனின் தலைமுடி நாலு பக்கமும் பறந்து நின்றது, முகம் சிவந்து பத்து வயசு குறைந்திருந்தது. ஆர்வல் டேங்கில் ஒன்றும் மிச்சமில்லை என்று சொல்லிக்கொண்டே சிரித்தான். அவன் பல்லை நான் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன்.

"இன்னும் இங்கதான் நிக்கறீங்களா வெர்லின்?" என்றாள் ஐலீன், இறங்காமலே.

"மன்னிப்புக் கேக்கணும்னு நின்னேன்."

"கேட்டுட்டீங்க இல்ல. இனிமே இந்த சீட்டுல நான்தான் உக்காருவேன். நீங்க வீட்டுக்குப் போய் உங்க வீட்டம்மாவைக் கூட்டிக்கிட்டு எங்கேயாவது போங்க."

சரி என்றேன். என் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆர்லிஸ் தோட்டத்தில் இருந்தாள். வருகிறாயா என்று கேட்டேன். கை கழுவிக்கொண்டு வருவதாகச் சொன்னாள்.